புள்ளபூதங்குடியில் ஒரு மே 29

மேஜர் மாரியப்பன் சரவணன் திருச்சிக்காரர். பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். கார்கில் போரில் படாலிக் பகுதி மலை ஒன்றில், 1999 மே 29 அன்று எதிரி நிலைகளை நோக்கி வீரர்களை நடத்திப் போனபோது வீரமரணம் அடைந்தார். அப்போது அவருக்கு 26 வயது. உடலை உடனே மீட்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் அந்தப் பனிமலையிலேயே கிடந்தது. பிறகு வீர் சக்ரா விருது கொடுத்தார்கள். விருதைவிட அந்த ஒரு மாதம்தான் என் மனதை அறுக்கும். பிள்ளை போய்விட்டான் என்று தெரிந்தும், கடைசிக் காரியம் செய்ய முடியாமல் ஒரு வீடு காத்திருந்திருக்கிறது.

அதனால்தான் இந்த மே 29-ல் அம்மாவோடு திருப்புள்ளபூதங்குடிக்குப் போனேன். கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை வழியாகப் போனால் பக்கம்தான். காவிரி மணலாகக் கிடந்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால்தான் குறுவைக்குத் தண்ணீர்.

திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம் இது. வல்வில் ராமன் இங்கே சயனக் கோலத்தில் இருக்கிறார். சீதையைத் தூக்கிப்போன ராவணனை மறித்துச் சண்டையிட்டு, சிறகறுபட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது தல வரலாறு. காரியத்தில் பக்கத்தில் நிற்க மனைவி வேண்டும், சீதையோ இல்லை. பூமிதேவி பொற்றாமரையில் தோன்றி உடன் நின்றாளாம். தாயாருக்குப் பொற்றாமரையாள் என்றே பெயர். பெற்ற தகப்பன் தசரதன் இறந்தபோது ராமர் காட்டில் இருந்தார், கொள்ளி வைக்க முடியவில்லை. அந்தக் கடனை, தனக்காகப் போராடி விழுந்த ஒரு பறவைக்குச் செய்தார். ஜடாயு அவருக்கு ரத்த உறவா என்ன?

பட்டர் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"காலமானவா பேர்ல அர்ச்சனை பண்றதில்லை. பெருமாள் பேருக்கே பண்ணிடறேன். நீங்க அவரை மனசுல நினைச்சுக்கோங்கோ."

அப்படியே செய்தோம். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளையப் பெத்தவ எப்படித்தான் தாங்கினாளோ" என்றாள். தீர்த்தம், துளசி வாங்கிக்கொண்ட பிறகும் சன்னதியை விட்டு நகர அவளுக்கு மனமில்லை.

சாயங்காலம் வைத்தீஸ்வரன் கோவில். அங்கேயும் ஜடாயு குண்டம் இருக்கிறது. ஜடாயுவை ராமர் தகனம் செய்தது அங்கேதான் என்பார்கள். ஒரே கதையை இரண்டு ஊரும் தன்னுடையதென்று வைத்திருப்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அப்படி விழுந்தவனை எத்தனை ஊர் சொந்தம் கொண்டாடினாலும் தகும். குண்டத்துச் சாம்பலை நெற்றியில் இட்டுக்கொண்டு, செல்வமுத்துக்குமாரசுவாமி சன்னதியில் அம்மா விளக்கேற்றினாள். நல்ல கூட்டம், அதிக நேரம் நிற்கவிடவில்லை.

திருச்சி கன்டோன்மென்ட்டில் சரவணனுக்கு நினைவிடம் இருக்கிறது. அடுத்த மே 29 காலையில் முதலில் அங்கே மாலை வைத்துவிட்டு, அப்புறம் புள்ளபூதங்குடி வருவதாக அம்மாவும் நானும் பேசிவைத்திருக்கிறோம். கூட வர விருப்பமுள்ளவர்கள் வரலாம்.