பின் டிஃபரன்ஷியலைத் திறப்பதற்கு முன்

காரைக்குடிப் பக்கம் பழைய ஜீப்பின் பின்புறத்தில் இரைச்சல் எழுந்துவிட்டால், டிஃபரன்ஷியலில் (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் அமைப்பில்) கிரௌன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி போய்விட்டது என்று பார்க்காமலே சொல்லிவிடுகிறார்கள். கிரௌனும் பினியனும் ஜோடியாகவே மாற்ற வேண்டியவை என்பதால் அந்தத் தீர்ப்பு மலிவாக முடிவதில்லை. டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் ஹவுசிங்கில் ஸ்பானரை வைக்குமுன், சத்தம் எப்போது பிறக்கிறது, எப்போது அடங்குகிறது என்று கவனிப்பதே என் முறை.

முதலில் டயரை விலக்கிவிட வேண்டும். கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயரின் இரைச்சல் தார்ச்சாலையிலிருந்து செம்மண் பாதைக்கு இறங்கியதும் மாறிவிடும். பிறகு திருச்சி–இராமேசுவரம் சாலையில் சீரான வேகத்தில் ஓட்டியபடி ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் பார்க்கலாம். மிதிக்கும்போது மட்டுமோ, காலை எடுக்கும்போது மட்டுமோ ஊளையிட்டால் கிரௌன் பினியனின் பற்கள் பொருந்தும் விதத்தில் ஐயம் கொள்ளலாம். இரண்டு நிலையிலும் குறையாமல் வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் உறுமல் பெரும்பாலும் பேரிங்கினுடையது. வண்டியை லேசாக இடமும் வலமும் ஒடிக்கையில் அந்த உறுமல் ஏறி இறங்கினால் வீல் பேரிங்கை முதலில் பார்ப்பது நல்லது. நேராகப் போகையில் அமைதியாக இருந்து, பொட்டலில் வட்டமடிக்கும்போது மட்டும் கடகடத்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களான ஸ்டார் பினியன்களைச் சந்தேகிக்க வேண்டும். கானாடுகாத்தானின் நீண்ட வீட்டுச் சுவர்களை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினால், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் அடியில் நடப்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும். (வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பழகிவிடும்.)

கிளட்சை விடும்போது வரும் ‘டொக்’ தனிக் கதை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, டிஃபரன்ஷியலுக்கு விசை கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஷாஃப்டின் மூட்டிலுள்ள கிராஸைச் சுற்றித் துருநிறப் பொடி படிந்து ஆட்டமும் தெரிந்தால், கோளாறு டிஃபரன்ஷியலுக்கு வெளியிலேயே இருக்கிறது. வழுக்கும்போது இரு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் மெக்கானிக்கல் லாக் உள்ள புதிய மஹிந்திரா தார் வண்டிகளில், ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்று ‘டக்’கென்று பிடிப்பதோ இயல்பான வேலை.

எனக்கு மிகவும் நம்பிக்கையான சாட்சி எண்ணெய்தான். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல்நிறக் களிம்பு ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். அதை விரல்களுக்கிடையே தேய்க்கும்போது வழுக்காமல் நெருடினாலும், செதில்களோ பல்லின் முனையோ கிடைத்தாலும், அதன்பின் வண்டியை ஓட்டாமல் ஹவுசிங்கைத் திறக்க வேண்டியதுதான். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடேறிய ஹவுசிங் கண்மாய்த் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்குகிறது. ஹவுசிங்குக்குள் காற்று போய்வரும் பிரீதர் செம்மண்ணால் அடைபட்டிருந்தால், எண்ணெய் கசியாமல் காக்கும் சீல் வழியாகவே தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அப்படியானால் எண்ணெயை மாற்றிச் சிறிது தூரம் ஓட்டி மறுபடியும் வடித்துப் பார்க்க வேண்டும்; பிரீதரைச் சுத்தம் செய்து, ரப்பர்க் குழாய் மூலம் அதன் வாயை சேஸிஸுக்கு மேலே ஏற்றிக் கட்டிவிட வேண்டும்.