டேங்க் நிரப்பும் முன் காற்று எந்தப் பக்கம்?

மத்தியானம் காற்று திரும்பியது. ஜெனரேட்டர் புகை, கடலில் மூழ்குபவர்கள் மூச்சுவிடும் ஸ்கூபா டேங்கில் காற்று நிரப்பும் கம்ப்ரஸரின் உறிஞ்சுகுழாய்க்கு நேராக வந்தது.

உடனே ஆஃப் செய்தாயிற்று.

கரண்ட் கம்பி எட்டாத தீவில் இரண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்த கொட்டகையில்தான் ஓடும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. கார்பன் ஃபில்டர் எண்ணெய் வாடையை எடுக்கும், இதை எடுக்காது. இதற்கு ஹாப்கலைட் வேண்டும்; கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் வினையூக்கி அது. அதுவும் ஈரம் பட்டால் வீண். தீவுக் காற்றிலோ எப்போதும் ஈரம்! ஈரம் உறிஞ்சும் அடுக்கு அதற்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும்.

30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 மடங்கு. கரையில் உறைக்காத அளவு கார்பன் மோனாக்சைடு அங்கே தலைவலி, குமட்டல், மயக்கம் வரை கொண்டுபோகும்.

உறிஞ்சுகுழாயைப் புகைபோக்கியிலிருந்து விலக்கி, காற்று வரும் பக்கமாக உயரத்தில் கட்டுங்கள். நிரப்பி முடியும்வரை ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும்.