சார்வோலையும் மெங்குவாங்கும்

என்னோடு படித்த பழைய மாணவர்களே, நம் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு வராத இரண்டு விடயங்கள்தான் இன்றுவரை என்னோடு தினமும் இருக்கின்றன: ஓலையில் பெட்டி பின்னும் பன்னவேலையும், பாட்டுக் கேட்பதும்.

பன்னவேலை சொல்லித் தந்தவர் எங்கள் மனையியல் ரீச்சர். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் தாள், நூல், வர்ணம் எல்லாமே அரிது. பனை மட்டும் குறையவில்லை. ரீச்சர் சார்வோலை என்ற இளம் பனையோலைக் கட்டுகளை வகுப்புக்கே கொண்டுவரச் சொல்வார். காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலக் கீற்றுகளாக வார்ந்து முடித்தால்தான் பின்னலே தொடங்கும். அகலம் கொஞ்சம் பிசகினாலும் மூலை திரும்பும்போது பெட்டி கோணிக்கொள்ளும். ரீச்சர் ஏச மாட்டார். பேசாமல் அவிழ்த்துக் கையில் தருவார். குட்டான், நீத்துப்பெட்டி, மூடல் பெட்டி என்று ஏறி, கடகம் என்ற பெரிய கூடைக்கு வந்தபோது விரலெல்லாம் கீறல். ஆனால் அந்தக் கடகத்தில் அம்மம்மா ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) போட்டு வைத்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் எனக்கு வரவில்லை.

பாட்டுக் கேட்பதற்கும் பாடுபட வேண்டியிருந்தது. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் ரேடியோ. டைனமோ தருவது ஆடலோட்டம் (AC). ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம் (DC). நான்கு இருவாயிகளை (டயோட்) பாலமாக இணைத்துச் சீராக்கலாம் என்று பௌதிகவியல் வகுப்பில் படம் கீறிக் காட்டினார்கள். உடைந்த ரேடியோவில் கழற்றிய இருவாயிகளை வைத்து விடுதித் தோழி ஒருத்தி அதைச் செய்தே காட்டினாள். இரவில் திருச்சி வானொலி நன்றாக எடுபடும். கசெற் போட்டால்தான் கஷ்டம். சுற்றுபவளின் கை தளர்ந்தால் ஜானகியின் குரலும் இழுபடும். இளையராஜாவின் இடையிசை வரும்போது வேகம் குறைந்தால் எல்லோரும் சத்தம் போடுவோம். ஒருத்தி கை நோகச் சுற்றிக்கொண்டிருக்க, மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருக்க முடியுமா? அப்படித்தான் வயலின் எங்கே ஏறுகிறது, புல்லாங்குழல் எங்கே நுழைகிறது என்று ஒரு பாட்டை முழுதாகக் கேட்கப் பழகினோம். இசை கேட்பதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறிய இடப்பெயர்வில் பெட்டிகளும் கசெற்றுகளும் வீட்டோடு நின்றுவிட்டன. அந்த இரவு நம் எல்லோருக்கும் தெரியும், இங்கே நீட்டவில்லை.

திருமணமாகிக் கோலாலம்பூர் வந்த பிறகு ஓலை இல்லாமல் கை சும்மா இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு மலாய் அம்மாதான், மக்சிக் என்று கூப்பிடுவோம், மெங்குவாங்கைக் காட்டித் தந்தார். தாழை இனம். மலாய்க்காரர் பாய் பின்னுவது இதில்தான். ஓரமெல்லாம் முள். முள்ளையும் நடு நரம்பையும் நீக்கி, வார்ந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் வெளுக்கவைத்து, நீவிப் பதப்படுத்த வேண்டும். சார்வோலை விறைப்பானது, மடித்த இடத்தில் நிற்கும். மெங்குவாங் துணி போல வளையும். இறுக்கிப் பிடிக்காவிட்டால் கட்டம் நழுவிவிடும். இப்போது மெங்குவாங்கில் நம் ஊர் மூடல் பெட்டி பின்னுகிறேன். நோன்புப் பெருநாளுக்கு முன்பு தென்னங்குருத்தில், அரிசி இட்டு அவிக்கும் கெத்துப்பாட் கூடு பின்ன மக்சிக் என்னையும் கூப்பிடுவார்.

பின்னும்போது கேட்பது பெரும்பாலும் தவில். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பெயரைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தேனே தவிர, வாசிப்பைக் கேட்டது இங்கே வந்துதான். தாளக் கணக்கு எவ்வளவு சிக்கலாகப் போனாலும், தவிலில் விழும் ஒரு சொல் இன்னொன்றோடு முட்டாது. அடுத்தது அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம். ராகத்தை அவர் அவசரமில்லாமல் விரிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்கொட் ரோட் கந்தசுவாமி கோயிலில் மேளம் வாசிக்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திவிடுவேன். மகள் கையில் தாளம் போட்டு எண்ணத் தொடங்கிவிட்டாள். எனக்கு அது பெரிய பெருமை.

அப்புறம், புதிதாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. பழைய கசெற்றுகளைக் கணினியில் ஏற்றுகிறேன். இந்த ஊர் ஈரப்பதத்துக்கு ரேப்பில், அதாவது கசெற்றின் ஒலிநாடாவில், பூஞ்சணம் பிடிக்கும். அதைத் துடைத்து, முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். நம் பள்ளியின் தமிழ்த்தினப் போட்டி, நவராத்திரிப் பாட்டு என்று எதையாவது யாராவது பதிந்து வைத்திருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அறுந்த ரேப்பையும் ஒட்டலாம். அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டுவாருங்கள். பிரதியோடு மூலக் கசெற்றையும் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். பன்னவேலை மறக்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். வார்ந்த மெங்குவாங் நான் கொண்டுவருகிறேன்.