மதுரைக்கு வண்டி ஏறும் முன்

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மாரடைப்புக்கு எந்தச் சிகிச்சை கட்டுபடியாகும் என்ற கணக்கை இந்தத் தூரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதய ரத்தநாளத்தின் அடைப்பைப் பலூன் வைத்துத் திறப்பதே மேல். ஆனால் அது முதல் ஈசிஜியிலிருந்து 2 மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும். பாம்பனில் கிளம்பி மதுரைக்குப் போகும் 108-க்கு அது எட்டாது. ஆகவே ஈசிஜியில் எஸ்டி உயர்வு (நாளம் அடைத்ததைக் காட்டும் கோட்டின் மேடு) தெரிந்தால், நெஞ்சு வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் வந்தவருக்கு அருகிலுள்ள மருத்துவமனையிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட்டை 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்றுகிறோம். ஏறும்போது பிரஷர் சரியும். வேகத்தைக் குறைத்துக் காலைத் தூக்கி வைத்தால் பெரும்பாலும் மீளும். மூளையில் ரத்தக்கசிவு வந்தவருக்கும், முன்பே இதே மருந்து ஏறியவருக்கும் கூடாது. 90 நிமிடத்துக்குள் எடுக்கும் ஈசிஜியில் எஸ்டி பாதியாவது இறங்கவில்லையென்றால் உடனே ஆஞ்சியோ (நாளத்துக்குள் சாயம் செலுத்தி அடைப்பைப் படமெடுப்பது) வேண்டும். இறங்கியிருந்தால் 24 மணி நேரத்துக்குள் போதும். தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இப்படி இணைத்துப் பார்த்த ஆய்வில் (2017) ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆனது.

இதையும் விட மலிவானது 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு முதலில் தரும் 14 மாத்திரை: ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் 8. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். 'வாய்வு'தான் என்று சோடா குடித்துக் காத்திருக்கும் நேரம்தான் அதன் பலனைக் கெடுக்கிறது.

நடந்தால் மட்டும் நெஞ்சு வலி வருகிறவர் கதை வேறு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வலியைக் குறைக்கும், ஆயுளைக் கூட்டுவதில்லை என்று 2007-லேயே தெரிந்துவிட்டது. இடது பிரதான நாளத்தில் அடைப்பு உள்ளவர்கள் இதில் சேரமாட்டார்கள். மற்றவர்களை உடனே ஸ்டென்ட்டுக்கு அவசரப்படுத்துவது வீண் செலவு என்பதே எங்கள் எண்ணம்.

ஸ்டென்ட் வைத்தவருக்குச் செலவு அதோடு முடியாது. ஸ்டென்ட் வைக்கும் செலவுக்குக் காப்பீட்டு அட்டை உதவும். பிறகு மாரடைப்பு வந்தவர் ஓராண்டாவது ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் விடாமல் சாப்பிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மாத்திரையைக் கடையில் வாங்குகிறவர் அப்போதுதான் காசை மிச்சம் பிடிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் மறுபடி மாரடைப்பு. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பதை டிஸ்சார்ஜ் அன்றே சொல்லிவிட வேண்டும்.

கடலுக்குப் போகிறவர் மாத்திரையைச் சட்டைப் பையில் உதிரியாகப் போடக் கூடாது. ஈரம் பட்ட ஆஸ்பிரினில் காடி வாடை அடித்தால் தூக்கி எறியலாம்.