கடன் அனுமதி கையில், எந்திரம் டீலர் யார்டில்: பூம் லிஃப்ட் வாங்கிய அனுபவம்

வெளிவேலைக்கு 60 அடி டீசல் பூம் லிஃப்ட் (நீளும் கையின் நுனியில் ஆட்கள் நிற்கும் கூடையை மேலே தூக்கும் எந்திரம்) வாங்க வேண்டும் என்றால், கடன் அனுமதிக் கடிதம் வாங்குவது பெரிய பாடில்லை. வரவு செலவுக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மெண்ட், கையில் இருக்கும் ஒர்க் ஆர்டர்கள், பழைய கடன்களைக் கட்டி முடித்த விவரம் எல்லாம் ஒழுங்காக இருந்தால் கடிதம் வந்துவிடும். எங்களுக்கும் வந்தது. பாடுபட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். அனுமதி கிடைத்த நாளுக்கும் டீலர் கணக்கில் பணம் விழுந்த நாளுக்கும் நடுவில் தளத்தில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், வாடகை லிஃப்ட்டுக்குத் தனியாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. அடுத்து வாங்கப் போகிறவர்களுக்காவது இந்த இடைவெளி சுருங்கட்டும்.

முதல் முட்டுக்கட்டை, எந்திரத்தை எந்த வகையில் சேர்ப்பது என்பது. ஃபைலைப் பார்த்த அலுவலர் அதைக் 'கிரேன்' என்று பதிந்துவிட்டு வாகனப் பதிவுச் சான்று கேட்டார். ட்ரெய்லரில் ஏறித் தளத்துக்குப் போய், தளத்துக்குள் மட்டும் ஊர்ந்து வேலை பார்க்கும் எந்திரத்துக்கு எங்கிருந்து பதிவுச் சான்று கொண்டுவருவது? வாயால் எவ்வளவு விளக்கியும் கணினியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஃபைல் நகராது என்றார். ஆட்களைத் தூக்கும் நகரும் மேடை எந்திரம், சாலை வாகனம் அல்ல என்று தயாரிப்பாளரின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வகை மாறியது. விண்ணப்பத்தோடேயே இந்தக் கடிதத்தை வைத்துவிடுங்கள். கிரேன் என்று பதிவானால் காப்பீட்டு விகிதமும் வேறு, மதிப்பீடும் வேறு.

அடுத்தது உயரக் குழப்பம். டீலரின் கொட்டேஷனில் 20 மீட்டர் என்று இருந்தது. தயாரிப்பாளரின் விவரத்தாளில் 18.3 மீட்டர். மதிப்பீட்டாளர் இரண்டும் வேறு வேறு எந்திரம் என்று குறிப்பு எழுதி ஃபைலை நிறுத்திவிட்டார். இரண்டும் ஒன்றுதான். 60 அடி என்பது கூடையின் தளம் எட்டும் உயரம், அதாவது 18.3 மீட்டர். அதன் மேல் நிற்கும் ஆளின் கை எட்டுவதற்காக 2 மீட்டர் கூட்டிச் சொல்வதுதான் வேலை உயரம், ஏறக்குறைய 20 மீட்டர். விற்பவர்கள் பெரிய எண்ணைத்தான் போடுவார்கள். கொட்டேஷன், ப்ரோஃபார்மா இன்வாய்ஸ், விவரத்தாள் மூன்றிலும் ஒரே உயரம், ஒரே மாடல் பெயர், ஒரே சுமைத்திறன் இருக்கிறதா என்று வரிக்கு வரி ஒத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். சில தயாரிப்பாளர்களின் மாடல் பெயரில் கடைசியில் வரும் ஓர் எழுத்து ஜிப் (பூமின் நுனியில் உள்ள சிறு கூடுதல் கை) உள்ளதா இல்லாததா என்பதைக் காட்டும். அது விடுபட்டால் விலையே கேள்விக்குள்ளாகும்.

சீரியல் நம்பர்தான் எல்லாவற்றிலும் மோசம். பதிவுச் சான்று இல்லாத எந்திரத்துக்குச் சீரியல் நம்பர்தான் அடையாளம். கடன் கொடுப்பவரின் உரிமையே அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. டீலரின் பில் போடுகிறவர் எஞ்சின் நம்பரை எந்திர எண்ணின் கட்டத்தில் அடித்துவிட்டார். திருத்திய பில்லில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஓ என்ற ஆங்கில எழுத்து. ஒப்பந்தம், காப்பீடு, அடமானப் பதிவு மூன்றும் அந்தத் தப்பான பில்லை வைத்தே தயாராகியிருந்ததால் மூன்றையும் மறுபடி போட வேண்டியதாயிற்று. எந்திரத்தில் சீரியல் நம்பர் உள்ள தகட்டை நேராகப் படம் எடுங்கள். தகடு தேய்ந்திருந்தால் சேஸியிலேயே எண் குத்தப்பட்டிருக்கும். ஜேஎல்ஜி நிறுவனத்தின் எந்திரங்களில் அப்படித்தான். பெயிண்டையும் கிரீஸையும் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் குத்திய எழுத்து நிழலோடு தெளிவாகத் தெரியும். அந்தப் படத்தைப் பில் போடுகிறவருக்கு அனுப்பி, அதைப் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். போனில் வாசித்துக் காட்டாதீர்கள்.

முன்பணக் கணக்கில் ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. 80 சதவீதம் கடன் என்று சொன்னால், எதன் மேல் 80 என்று எழுத்தில் கேளுங்கள். எங்களுக்கு எந்திரத்தின் அடிப்படை விலை மேல் மட்டும்தான். விலை 100 என்று வைத்துக்கொண்டால், நுரை நிரப்பிய டயர், கூடைக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர், வெல்டிங் வசதி எல்லாம் சேர்ந்து 6, ட்ரெய்லர் கூலியும் இறக்கும் செலவும் 4 என்றால், மொத்தம் 110. கடன் 80தான். கையிலிருந்து போடுவது 20 அல்ல, 30. வரியும் ஆவணக் கட்டணமும் முதல் வருடக் காப்பீடும் அதற்கு மேல். துணைக்கருவிகளைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி, ஒரே வரியில் எந்திர விலையோடு பில் போட டீலர் சம்மதித்தால் அவற்றுக்கும் கடன் கிடைக்கிறது. எங்களுக்கு ஜெனரேட்டர் அப்படித்தான் உள்ளே வந்தது. இதை அனுமதிக் கடிதத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும், பிறகு ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டார்கள்.

இத்தனையும் முடிந்து நிற்கும்போது வந்தது பெரிய பூட்டு. எந்திரம் தளத்தில் இறங்கி, கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சான்று வந்தால்தான் பணம் விடுவோம் என்றது கடன் கொடுத்த நிறுவனம். முழுப் பணம் வந்தால்தான் யார்டை விட்டு எந்திரம் நகரும் என்றார் டீலர். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது, நடுவில் மாட்டியது நாங்கள். இதைத் திறந்த சாவி ஒரு கடிதம்: குறிப்பிட்ட சீரியல் நம்பருள்ள எந்திரம் ஒப்படைக்கப்பட்டு ஒப்புகைச் சான்று கிடைத்ததும் இத்தனை நாளுக்குள் பணத்தை நேரடியாக டீலருக்கே செலுத்துவோம் என்று கடன் கொடுப்பவர் டீலரின் பெயருக்குத் தரும் உறுதிக் கடிதம். பல இடங்களில் இப்படி ஒரு கடிதம் வழக்கத்தில் இருக்கிறது, ஆனால் கேட்காமல் தருவதில்லை. டீலர் இதை ஏற்றுக்கொள்வாரா என்று கொட்டேஷன் வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். ஏற்க மாட்டார் என்றால், யார்டிலேயே கடன் கொடுப்பவரின் ஆள் வந்து எந்திரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பகுதிப் பணம், தளத்தில் இறங்கியதும் மீதி என்று பிரிக்கச் சொல்லலாம்.

ஒப்புகைச் சான்றைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ட்ரெய்லர் டிரைவர் இறக்கிவிட்டு நீட்டும் டெலிவரி சலானும் இதுவும் ஒன்றல்ல. இந்தத் தாளில் கையெழுத்து விழுந்த நிமிடம், எந்திரம் நல்ல நிலையில் கைக்கு வந்தது என்று நீங்களே சாட்சி சொல்லியாயிற்று. லீஸ் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு விதி இருக்கும்: எந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை நிற்காது, பழுதை டீலரோடு தீர்த்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசி என்பதால் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி எங்களையும் நச்சரித்தார்கள். போடவில்லை. எந்திரம் வந்ததும் கீழே உள்ள கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்தும் கூடையில் உள்ள கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்தும் எல்லா அசைவுகளையும் ஓட்டிப் பார்த்தோம். எமர்ஜென்சி ஸ்டாப் இரண்டும் சரி. சரிவு எச்சரிக்கை சரி. பூமை உயர்த்தியதும் ஓட்ட வேகம் நத்தை வேகத்துக்கு இறங்கியது, அதுவும் சரி. எஞ்சினை நிறுத்திவிட்டு, கூடையைக் கீழே இறக்கும் அவசரப் பம்பின் சுவிட்சை அழுத்திப் பிடித்தபோது உள்ளே கிளிக் என்ற சத்தம் மட்டும் வந்தது, பூம் அசையவில்லை. எஞ்சின் நின்றுபோனால் மேலே இருக்கும் ஆளை இறக்குவதற்கு இருக்கும் வழி அது. டீலரின் மெக்கானிக் வந்து பேட்டரியிலிருந்து பம்புக்குப் போகும் கேபிளின் தளர்ந்த முனையை இறுக்கி, மறுபடி ஓட்டிக் காட்டிய பிறகுதான் பேனாவை எடுத்தோம். கையெழுத்தை நிறுத்தி வைத்திருந்ததால்தான் மெக்கானிக் அன்றே வந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வட்டியைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 10 சதவீதம் ஃப்ளாட் வட்டி (கடைசி வரை முழுக் கடன் மேல் போடுவது) என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் குறையும் நிலுவையில் (கட்டியது போக மீதிக் கடன் மேல் மட்டும்) 14 என்றார். முதலாவது மலிவு என்று தோன்றும். 100 கடனுக்கு 48 மாதம் 10 ஃப்ளாட் என்றால் வட்டி 40, மாதத் தவணை 2.92. அதே தவணையைக் குறையும் நிலுவையில் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 17.6 சதவீதம் வருகிறது. 14தான் மலிவு. ஆவணக் கட்டணத்தையும், எந்திரம் இறங்கிய நாளிலிருந்து முதல் தவணை வரைக்கும் தனியாகப் போடும் இடைக்கால வட்டியையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

வெளிவேலை செய்கிறவர்கள் தவணை அட்டவணைக்காகக் கட்டாயம் மல்லுக்கட்ட வேண்டும். வெளியில் பயன்படுத்த அனுமதியுள்ள பெரும்பாலான பூம் லிஃப்ட்களுக்குக் காற்று வேக வரம்பு நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் கூடையை ஏற்றக் கூடாது. மழைக்காலத்தில் தரை சேறாகிவிட்டால் 10 டன் எடையுள்ள எந்திரத்தை உள்ளே கொண்டுபோகவே முடியாது. அந்த மாதங்களில் வருமானம் படுத்துவிடும், தவணை படுக்காது. வருடத்தில் வேலை குறையும் சில மாதங்களுக்குத் தவணை இல்லாமலோ வட்டி மட்டுமோ கட்டும்படி அட்டவணை போடலாம். அந்த மாதங்களிலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் மொத்தச் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் ஒரு செக் திரும்புவதால் கெடும் பெயரோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. சரி என்று வாயால் சொன்ன அலுவலரை நம்பாதீர்கள். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் மாத வாரியாக அச்சாக வேண்டும். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் உத்தரவிலும் அதே அட்டவணை ஏற வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் சரியாக இருந்தது, உத்தரவில் பன்னிரண்டு மாதமும் சமத் தவணை. கையெழுத்துக்கு முன்னால் கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

காப்பீட்டில் கடன் கொடுப்பவரின் பெயர் இழப்பீடு பெறுபவராக ஏற வேண்டும், அதுவும் அவர்கள் கேட்கும் எழுத்துக் கூட்டல்படியே. இல்லையென்றால் பணம் விடும் நாளில் திரும்பி வரும். அவர்களுக்கு இது போதும், உங்களுக்குப் போதாது. ட்ரெய்லரில் போகும்போது, ஏற்றி இறக்கும்போது, வேறு ஒப்பந்ததாரருக்கு வாடகைக்கு விடும்போது பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். சில பாலிசிகளில் அதிகச் சுமையால் எந்திரம் கவிழ்ந்தால் இழப்பீடு இல்லை.

பழைய எந்திரத்துக்குக் கடன் என்றால் வயதுக் கணக்கு இன்றைய தேதியில் பார்ப்பதில்லை, கடைசித் தவணை முடியும்போது எந்திரத்துக்கு எத்தனை வயது என்று பார்ப்பார்கள். நடப்பில் உள்ள சோதனை அறிக்கையும் கேட்பார்கள். இந்த வகை எந்திரங்களுக்கான அமெரிக்க ஏ92 தரப்படி ஆண்டுச் சோதனை 13 மாதத்தைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் ஆட்களைத் தூக்கும் எந்திரத்துக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை முழுச் சோதனை. காலாவதியான அறிக்கையோடு போனால் மதிப்பீட்டாளர் வரவே மாட்டார். அவர் வருவதற்கு முன் நீங்களே பார்க்க வேண்டியவை: பூம் துண்டுகளுக்கு இடையில் உராய்வைத் தாங்கித் தேயும் பட்டைகளின் (வேர் பேட்) தடிமன், சுழலும் வளையத்தின் போல்ட்டுகள், ஹோஸ்களில் வெடிப்பு, ஹவர் மீட்டர் எண்ணும் எஞ்சின் கம்ப்யூட்டர் காட்டும் மணி நேரமும் ஒத்துப்போகிறதா என்பது. மீட்டரை மாற்றுவது எளிது, எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

லீஸில் எடுக்கிறவர்கள் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். முடிவதற்கு இத்தனை நாள் முன்பாக எழுத்தில் சொல்லாவிட்டால் தானாகவே நீளும் என்று இருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது டயர் எவ்வளவு தேய்ந்திருக்கலாம், ட்ரெய்லர் கூலி யாருடையது, எந்த யார்டில் சேர்க்க வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கும்.

கடைசித் தவணை கட்டியதும் ஃபைல் தானாக மூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். முன்பு எடுத்த சிசர் லிஃப்ட்டின் (மேடை நேராக மேலே ஏறும் எந்திரம்) கடன் முடிந்தும் அடமானப் பதிவு நீங்காமலே கிடந்தது, விற்கப் போனபோதுதான் வாங்குபவர் தேடிப் பார்த்துச் சொன்னார். தடையில்லாச் சான்றைச் சீரியல் நம்பரோடு கேட்டு வாங்குங்கள், பதிவேட்டில் அடமானம் நீங்கியதற்கான நகலையும் வாங்குங்கள், காப்பீட்டிலிருந்து அவர்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். மூன்றையும் எந்திரத்தின் ஒரிஜினல் பில்லோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.