புல் வளரும் கான்கிரீட்: வேரைவிட விளிம்புதான் கவலை

மணல் சேர்க்காமல், ஒரே அளவு ஜல்லியும் சிமென்ட் கூழும் மட்டும் கலந்து வார்த்த பலகைகளில் புல் நன்றாகவே பிடித்துவிட்டது. இடுக்குகளில் மண்ணும் மட்கிய எருவும் கரைத்து ஊற்றியிருந்தேன். இப்போது வேர் பலகையைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. இனி பலகை எத்தனை காலம் தாங்கும் என்பதுதான் கேள்வி.

பார்க்கிறவர்கள் எல்லாம் "வேர் பிளந்துவிடாதா?" என்கிறார்கள். புல்லின் வேர் ஏற்கெனவே இருக்கிற இடுக்கில்தான் ஓடுகிறது, அதனால் பெரிய பயமில்லை. மரக்கன்று முளைத்தால் மட்டும் உடனே பிடுங்கிவிடுகிறேன். என்னை உறுத்துவது விளிம்பு. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் ஓரத்து ஜல்லி ஒவ்வொன்றாகக் கழன்று வருகிறது. இந்த வகைக் கான்கிரீட்டில் 20 முதல் 30 சதவீதம் வரை வெற்றிடம். ஒரு ஜல்லி இன்னொன்றைத் தொடும் புள்ளியில் உள்ள கூழ்தான் மொத்தப் பிடிப்பும். ஓரத்து ஜல்லிக்கு அப்படிப்பட்ட புள்ளிகள் குறைவு. போதாக்குறைக்கு, மட்கும் எருவிலிருந்து வரும் அமிலம் அந்தக் கூழையே மெல்ல அரிக்கும்.

அடுத்தது காரத்தன்மை. புதுக் கான்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கும் நீரில், காரத்தைக் காட்டும் பிஹெச் அளவு 12.5-க்கு மேல், அதில் எந்தப் புல்லும் நிம்மதியாக இருக்காது. உடைந்த துண்டு ஒன்றில், காரம் மிகுந்த இடத்தில் ரோஸ் நிறமாகும் பினாப்தலின் என்ற திரவத்தைச் சொட்டு விட்டுப் பார்த்தேன். துளைகளை ஒட்டிய பக்கம் நிறமே ஏறவில்லை. இரண்டு ஜல்லிகளுக்கு நடுவே கூழ் தடித்த இடத்தில் மட்டும் பளிச்சென்று ரோஸ் நிறம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுந்து காரத்தைக் குறைத்திருக்கிறது. செடிக்கு நல்லதுதான், ஆனால் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காப்பதும் அதே காரம்தான். ஆகவே இதில் கம்பியே போடக் கூடாது என்பது என் முடிவு. எடை தாங்கும் இடத்துக்கும் இது வேண்டாம். நடைபாதை ஓரம், சரிவு, தொட்டிச் சுவர், சரி.

தண்ணீர் உறையும் குளிர்ப் பகுதிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெறும் துளைக் கான்கிரீட்டில் தண்ணீர் வடிந்துவிடும். மண் அடைத்த துளையில் ஈரம் தங்கும், உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும்.

அடுத்த வார்ப்பில் நான்கு ஓரமும் மணல் சேர்த்த கெட்டிக் கலவை, நடுவில் மட்டும் துளைக் கலவை. இரண்டையும் ஈரம் காயுமுன் சேர்த்தே போடப்போகிறேன், இல்லாவிட்டால் இணைப்பிலேயே பிரிந்துகொள்ளும்.