துதிக்கை வைத்த லை

மார்ச் 3

அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 4

இன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் கண்டதும் தோன்றும் என்று ஆல்பத்தை எடுத்தேன். பக்கம் 12 அங்குலச் சதுரம், அதாவது முப்பதரை சென்டிமீட்டர். திருவண்ணாமலை போட்டோ பக்கத்துக்குத் தலைப்பு எழுத்துகளை வெட்டி ஒட்ட வேண்டும். திருவண்ணாமலை என்றால் ஏழு எழுத்து, ஆளுக்கு 5 சென்டிமீட்டர் கொடுத்தாலே 35. இதில் ண், ணா இரண்டும் பஸ்ஸில் காலை அகட்டி உட்காருகிற ஆள் மாதிரி, பக்கத்து இடத்தையும் சேர்த்துக் கேட்கும். திரு மேலே, வண்ணாமலை கீழே என்று உடைத்துப் பார்த்தேன், படிக்கச் சகிக்கவில்லை. கடைசியில் சந்தியையே பிரித்துவிட்டேன்: சின்னதாகத் திரு, கீழே பெரிதாக அண்ணாமலை. ஐந்தெழுத்து, அடங்கிவிட்டது.

ஸ்டேஷனரி கடையில் எழுத்து ஸ்டிக்கர் கேட்டால் ஏ முதல் இசட் வரைதான். தமிழில் இல்லையா என்றதற்கு ஓம் எடுத்துக் காட்டினார்.

மார்ச் 6

மத்தியானம் வார்டில் அம்மா ரசம் சாதம் நாலு வாய். வெட்டிய எழுத்துகளை அம்மாவின் போர்வை மேல் வரிசையாக வைத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது என்னடி லை? துதிக்கை எங்கே?" என்றாள். மளிகை லிஸ்டில் 'கடலை' எழுதும்போது இன்றைக்கும் ல-வுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி வளைத்து ஒட்டித்தான் எழுதுவாள், ணா-வையும் காலைத் தனியே பிரிக்காமல் கீழே சுழித்துவிடுவாள். பெரியார் 1935-லேயே தன் ஏட்டில் மாற்றி அச்சடித்தார், 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணையே போட்டு 13 எழுத்தை மாற்றிவிட்டார்கள் அம்மா, என்றேன். "மாத்தட்டுமே. நான் பள்ளிக்கூடம் போனது அதுக்கு முன்னாடி."

ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் சண்டை போட்டாள். வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 7, இரவு 1.40

பழைய லை ஒரே துண்டு. புதிய லை-யில் இரண்டு துண்டை நேராக ஒட்ட வேண்டும், அந்த வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் துதிக்கை ல-வோடு சேருகிற கழுத்து மெல்லிசு, கட்டர் திரும்பும்போது பட்டென்று போய்விடுகிறது. மூன்று லை காலி. நாலாவதை 300 ஜிஎஸ்எம் கெட்டித் தாளில், பின்பக்கமாக இடம் வலம் மாற்றி வரைந்து வெட்டினேன். பென்சில் கோடு பின்னாலேயே போய்விடும், அழிக்கிற வேலை கிடையாது. கண்ணாடி எழுத்து கைக்கு வராவிட்டால் தாளை ஜன்னலில் கவிழ்த்து வைத்துப் பின்னாலிருந்து வரையலாம். ஆனால் ராத்திரியில் ஜன்னலில் என் முகம்தான் தெரிகிறது.

மார்ச் 8

தம்பி வியாழக்கிழமை வருகிறானாம். நான் வரச் சொல்லவில்லை. யார் சொன்னார்கள்?

மார்ச் 9

டாக்டர் "புதன்கிழமை உட்கார்ந்து பேசலாம்" என்றார். போன வாரமெல்லாம் நடந்துகொண்டேதானே பேசினார், வராந்தாவில், லிஃப்ட் வாசலில், ஒரு தடவை படியில் இறங்கிக்கொண்டே. இப்போது எதற்கு உட்கார வேண்டும்? நர்ஸிடம் கேட்டால் "எல்லாருக்கும் அப்படித்தான் மேடம் சொல்லுவார்" என்கிறாள், அவள் முகத்தை நான் ஏன் அவ்வளவு நேரம் பார்த்தேன், பாவம், அவளுக்கு என்ன தெரியும். நல்ல விஷயம் என்றால் போனிலேயே சொல்லியிருப்பார். சரி, நல்ல விஷயத்தையும் உட்கார்ந்து சொல்லலாம். சொல்லலாம்தான்.

ணா வெட்டவில்லை.

மார்ச் 10

ணா வெட்டினேன், அம்மா சுழிக்கிற மாதிரியே. மளிகை லிஸ்டில் ணா எங்கே வரும், அவள் பழைய நோட்டில் 'அண்ணாவுக்கு 200' என்று ஒரு வரி இருந்தது, அதைப் பார்த்து வரைந்தேன். எந்த அண்ணா என்று கேட்க வேண்டும்.

ண் மேல் வைக்கிற புள்ளிக்குப் பஞ்சிங் மெஷினில் விழுகிற வட்டமே போதும், 6 மில்லிமீட்டர், கையால் வெட்டினால் அந்த அழகு வராது. பழைய பட்டுப் பெட்டி அட்டையில் பஞ்ச் பண்ணினேன், அரக்குச் சிவப்பு. வார்டில் ஃபேன் காற்றில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மண்டி போட்டுத் தேடினேன். அம்மா மேலிருந்து, "விடுடி, புள்ளி இல்லாட்டியும் படிச்சுக்குவாங்க" என்கிறாள். துதிக்கைக்கு மட்டும் அத்தனை பேச்சு!

மார்ச் 11

வெள்ளைப் பசை தாளைச் சுருக்குகிறது, அதனால் குச்சிப் பசை. மலை போட்டோவின் சரிவை ஒட்டி ஏறுமுகமாக அ, ண், ணா, ம வைத்தேன். உச்சியில் லை. 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் முதல் மூன்று என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே நடந்தாளாம், இன்று திடீரென்று சொன்னாள்.

ண் மொட்டையாக நிற்கிறது, பஞ்சிங் மெஷின் வார்டிலேயே இருக்கிறது. நாளை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.